உன் பெயரில் நான் எழுதிய கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி இல்லாததை நீ கவனித்திருப்பாய். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நலம், நலமறிய ஆவல் என்றும் எழுதவில்லை. அதையும் வேண்டுமென்றேதான் விட்டேன். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் கடிதம் எழுதியே வயிறு வளர்த்தவன் நான். வந்திருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்பது மேலே இரண்டு வரியிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பது எனக்குப் பாலபாடம். துக்கக் கடிதத்துக்குச் சுழி போடுவதில்லை, நலம் விசாரிப்பதில்லை. இது அந்த வகைக் கடிதம். பதறாதே. அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் இருக்கிறேன். புதிதாக யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ராமலிங்க மாமா இறந்ததைப் பற்றி உன்னிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன். போனில் பேசினால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய். கேட்டால் அந்த நேரத்துக்கு வாயில் வருவதைச் சொல்லி மறுபடியும் தப்பித்துக்கொள்வேன். என் சாமர்த்தியம் எனக்குத் தெரியும். தாளில் எழுதினால் எழுதியது நிற்கும், அடித்தாலும் அடித்த தடம் நிற்கும். அதனால்தான் இது. புனேயில் உன் வீட்டுக்குத் தபால் வர நாலைந்து நாள் ஆகும் என்கிறார்கள். வந்ததும் உட்கார்ந்து முழுக்கப் படி. மருமகள் பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும். உங்கள் கல்யாணத்தில் நடந்தது என்பதால் அவளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன்.

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். மாமா இறந்தது உன் கல்யாணத்துக்குப் பிறகு அல்ல. எட்டு நாள் முன்னால்.

நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். கோச்சடையில் நாம் வீடு கட்டி வந்தபோது உனக்கு இரண்டு வயது. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போவாள், நான் ஆபீசுக்குப் போவேன். பகலெல்லாம் நீ பக்கத்து வீட்டில் ஜெயா அத்தையின் இடுப்பில்தான் இருந்தாய். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அத்தை என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லில் அவள் புருஷன் எனக்கு மாப்ள ஆனார், உனக்கு மாமா ஆனார்; நான் அவருக்கு மச்சான், நீ அவர்கள் இருவருக்கும் மாப்ள. வேறு எந்தச் சொந்தமும் கிடையாது. மாமாவுக்கு சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பார்சல் கட்டும் வேலை. பெட்டியைக் கட்டி, சாக்கைத் தைத்து, மேலே தடித்த மார்க்கரால் பெரிய பெரிய எழுத்தில் ஊர் பேர் எழுதுவார். உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அந்த மார்க்கரால்தான். நீ முதலில் எழுதிய வார்த்தை அம்மா இல்லை, அப்பா இல்லை. 'திண்டுக்கல்'. அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

உன் கல்யாணத்துக்கு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றிய அன்று குழி தோண்டியது அவர்தான். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். "எம் மாப்ள கல்யாணத்துக்கு நான் தோண்டாம எவன் தோண்டுவான்? கம்பிய இங்கிட்டுத் தாங்க மச்சான்" என்று பிடுங்கிக்கொண்டார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அதிலிருந்து நாலாம் நாள் காலையில் கடையில் பார்சலைத் தூக்கும்போது அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

கால் ஊன்றிய வீட்டுக்காரன் துக்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாமலும் இருக்கலாம். ஊரில் எல்லோரும் பார்க்கிற வழக்கம்தான். நான் அதை எழுத்துப் பிசகாமல் பார்த்தேன். பக்கத்து வீட்டில் அத்தை அலறுகிறாள், நான் என் வீட்டுக் கேட்டுக்கு உள்பக்கம் நிற்கிறேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு எட்டு போய் நிண்டுட்டு வந்து தலைக்கு ஊத்திக்கிருவோம்ங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள். நான் அசையவில்லை. மாமாவைத் தூக்கும்போது மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் தோண்டிய குழியில் நட்ட கால் கீழே வாசலில் மாவிலையோடு நின்றது. அதைக் காரணம் காட்டித்தான் அவருக்குத் தோள் கொடுக்காமல் நின்றேன்.  

மறுநாள் பால் ஊற்றி முடித்ததும் அத்தை தன் தம்பியோடு வாடிப்பட்டிக்குக் கிளம்பிவிட்டாள். நான் அனுப்பவில்லை, அவளாகவே போனாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, முகத்தைப் பார்க்காமல், "நல்ல காரியம் நடக்குற வாசல்ல நான் இங்கன உக்காந்திருக்கக் கூடாதுண்ணே. மாப்ளைக்கு இப்பச் சொல்லாதீங்க. கல்யாணம் முடியட்டும். பெறகு பக்குவமாச் சொல்லுங்க" என்றாள். போகும்போது வாரேன் என்று சொல்லவில்லை. துக்கத்தோடு கிளம்புகிறவர்கள் சொல்வதில்லை. அந்த வார்த்தை எனக்குச் சவுகரியமாகப் போய்விட்டது. தெருவில் வீடு வீடாகப் போய், உன்னிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் நீ வந்து இறங்கியபோது பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

நீ என்னிடம் மூன்று முறை கேட்டாய். வந்த அன்று பையைக்கூட இறக்காமல் கேட்டாய். பெண் அழைப்பு அன்று, போனை எடுக்கவில்லையே என்று மறுபடியும் கேட்டாய். மூன்றாவது முறை, மேடையில், கழுத்தில் மாலையோடு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மாமா எங்கப்பா? முன்னாடி எங்கயும் காணோமே" என்றாய். "வாடிப்பட்டில முக்கியமான சோலிப்பா. வர முடியலைன்னு சொல்லச் சொன்னாரு" என்றேன். "அப்படி என்னப்பா சோலி?" என்று கேட்டுவிட்டு நீ திரும்பிக்கொண்டாய். போட்டோ எல்லாவற்றிலும் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆல்பத்தை மூடிவிடுகிறேன். செத்துப்போன மனிதரின் வாயில் நான் வார்த்தையைத் திணித்தேன் தம்பி. அதுவும் அவர் உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டாத வார்த்தையை.

சரி, கல்யாணம் முடிந்ததும் பக்குவமாகச் சொல்லச் சொன்னாளே, அதையாவது செய்தேனா? கல்யாணம் முடிந்து ஐந்து நாள் நீங்கள் இரண்டு பேரும் இங்கேதான் இருந்தீர்கள். விருந்து, கோயில், மறுவீடு என்று ஓடியது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, உன்னை ரயில் ஏற்றியும் விட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்துத்தான் போன் செய்தேன். "மாமா தவறிட்டாருப்பா" என்றேன். நீ உடனே "எப்ப?" என்றாய். அந்த ஒரு கேள்விக்கு நான் தயாராக இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே என்று சொன்னால் மேடையில் சொன்ன பொய் உடைந்துவிடும். "நேத்து" என்று வந்துவிட்டது வாயில். நீ "சரிப்பா. அத்தைகிட்டச் சொல்லிருங்க" என்று வைத்துவிட்டாய். சாயங்காலம் போனில் கைகூப்பிய பொம்மைப் படம் ஒன்றை எனக்கு அனுப்பினாய். அவ்வளவுதான் வந்தது உன்னிடமிருந்து.

அந்தப் பொம்மையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. இடுப்பில் வைத்து வளர்த்தவளுக்கு ஒரு பொம்மையா, அதுவும் அவளுக்கு நேராகக்கூட இல்லாமல் என் வழியாகவா என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "அவன் மாமா மேல வருத்தத்துல இருக்கான்ங்க. கல்யாணத்துக்கு வரலைன்னு. அந்த வருத்தத்த உண்டாக்குனது யாரு?" என்றாள்.  நீ மோசமானவன் இல்லை. நான் சொன்னதை நம்பினாய், நம்பினவன் எப்படி நடப்பானோ அப்படி நடந்தாய். உன் மௌனம் என் கையால் செய்தது.

முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்து அத்தை ஆனி பிறந்ததும் வீட்டுக்குத் திரும்பினாள். இந்த முறை நானும் அம்மாவும் போனோம். துக்கம் கேட்கப் போகிறவன் முப்பது நாள் கழித்துப் போனால் என்ன பேசுவது? சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள்தான் பேசினாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாப்ளைட்ட சொல்லீட்டீங்களாண்ணே? என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அவள் கண்ணில் இருந்த எதிர்பார்ப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பொம்மை அனுப்பினான் என்று எப்படிச் சொல்வேன்? "பெரிய லெட்டரா மெயில் போட்டிருக்கான்மா. பிரிண்ட் எடுத்துத் தாரேன்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

அன்று ராத்திரிக்குள் எழுதி முடித்தேன். நான்தானே எழுதுகிறவன்! இந்தத் தெருவில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் பதமாக மறுப்புச் சொல்ல வேண்டுமா, கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாததற்கு வருத்தம் சொல்ல வேண்டுமா, துக்கம் விசாரிக்க வேண்டுமா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போவார்கள். அதில் எனக்கு ஒரு தலைக்கனமும் உண்டு. உன் அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் எழுதிய கடிதத்தில்கூட ஆபீஸ் கடிதம் போல 'பொருள்', 'பார்வை' என்று போட்டுவிட்டேன் என்று அவள் இன்றுவரை கேலி செய்கிறாள். மறுநாள் சிம்மக்கல்லில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடிக்கச் சொன்னேன். கீழே உன் பெயர். அடித்த பெண் முடித்துவிட்டு, "ஒங்க மகன் ரொம்ப நல்லா எழுதியிருக்காரு சார்" என்றாள். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு நாள் அவளைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில், அம்மா பள்ளிக்கூடம் போன பிறகு, அந்தத் தாளோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, தப்பா நெனச்சுக்கிராதீங்க. இத நான் என் கையால எழுதிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள்: "'ஈடு செய்ய முடியாத இழப்பால் வாடும் தங்களுக்குக் காலம் ஒன்றே ஆறுதல். அன்னாரின் நற்பண்புகள் என்றென்றும் நம் நெஞ்சில் நிலைத்திருக்கும்.' எந் தம்பி மாமனாரு தவறுனப்ப அவுக வீட்டுக்கு எழுத நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? அடிச்சு அடிச்சு மூணு தடவ எழுதுனேன். மறக்குமா?"

மூன்று வருடம் முன்னால் என் மேஜையில் அவளை உட்காரவைத்து நான் சொன்ன வாசகம். எனக்கு அது நினைவில்லை. அந்த வாசகம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. எல்லாத் துக்கத்துக்கும் ஒரே சட்டை தைத்து வைத்திருந்திருக்கிறேன். அவள் தொடர்ந்து சொன்னாள்: "வாசிச்சதும் தெரிஞ்சிருச்சு. ஆனாலும் நாலு நாளு அவன்தான் எழுதுனான்னு நெனச்சுக்கிட்டு இருந்து பாத்தேன். முடியலண்ணே. அவன் எழுதுனா அவரப் போயி அன்னாருன்னா எழுதுவான்? மாமான்னுல எழுதுவான்."

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் சொன்னதையும், போனில் 'நேத்து' என்று சொன்னதையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்ப, நாங்க வேணும்னே கல்யாணத்துக்கு வரலைன்னுல்ல புள்ள நெனச்சுக்கிட்டு இருக்கான்?" என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இம்புட்டு நாளா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கானா?" என்று கேட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள், மாமா மேல் உனக்கு வருத்தம் இருக்கிறது என்பதற்காக அழுதாள். மாமா இறந்த அன்று கேட்ட அழுகையைவிட இந்த அழுகைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அத்தைக்கு நீ எழுத வேண்டும். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறாள். ஆடி பிறந்தால் வீடு மாற மாட்டார்கள், அதனால் ஆனிக்குள் கிளம்பிவிடுவாள். அதற்குள் உன் கடிதம் கோச்சடை விலாசத்துக்கு வர வேண்டும். நேரில் வரலாம், வந்தால் ரொம்ப நல்லது. லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். போனிலும் பேசு, அதோடு நிறுத்திவிடாதே. போனில் இரண்டு பேரும் அழுவீர்கள், வைத்துவிடுவீர்கள். தாள் இருந்தால் வாடிப்பட்டியில் அவள் தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்ப்பாள்.

எப்படி எழுதுவது என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் தப்புச் செய்தவனுக்குத்தான் எங்கே குழி இருக்கிறது என்று தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவரின் மனைவி இறந்துவிட்டார். 'எப்படி நேர்ந்தது, விவரம் எழுதவும்' என்று அவருக்கு எழுதினேன். அக்கறை என்று நினைத்துத்தான் எழுதினேன். அவர் ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதியனுப்பினார். பாதி எழுத்து நீர்பட்டுக் கலைந்திருந்தது. முடிந்ததை இன்னொரு முறை அவரைப் பார்க்கவைத்திருக்கிறேன். அதனால் எப்படி என்று கேட்காதே. விதி என்று எழுதாதே, கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்றும் எழுதாதே. அதையெல்லாம் அவளே சொல்லிக்கொள்ளலாம், நாம் சொல்லக் கூடாது. உன் கல்யாண வாழ்க்கை எப்படிப் போகிறது என்று இந்தக் கடிதத்தில் எழுதாதே. அவளே ஆசைப்பட்டுக் கேட்பாள், அப்போது தனியாக எழுது. பதில் போடச் சொல்லாதே. முடிக்கும்போது 'வருகிறேன்' என்று எழுதாதே.

என் அப்பா இறந்தபோது எனக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்தது. மேலதிகாரிகள் எழுதினார்கள், சங்கத்தில் எழுதினார்கள். ஒன்றுகூட நினைவில்லை. எங்கள் ஆபீசில் தண்ணீர் பிடித்து வைக்கிற ஒருவர் கார்டில் எழுதியது மட்டும் நினைவிருக்கிறது. 'சார், உங்க அப்பா ஒருதரம் ஆபீஸ் வந்தப்ப என்னைய உக்காரச் சொன்னார். நான் உக்கார மாட்டேன்னேன். அப்ப நானும் நிக்கிறேன்னு என்கூடயே நின்னு டீ குடிச்சார்.' இவ்வளவுதான். என் அப்பா அப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியும், செய்தார் என்று அதுவரை தெரியாது. இறந்தவரைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எடுத்து வீட்டாரிடம் கொடுப்பதுதான் துக்கக் கடிதம். இது தெரிந்தும் உன் பெயரில் நான் அன்னார் என்று எழுதினேன். மாமாவைப் பற்றி உன்னிடம் அப்படி நிறைய இருக்கும். அத்தைக்குத் தெரியாததாக ஒன்று எழுது. அவர் உன்னை மொபெட்டில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போவாரே, போகும் வழியில் என்ன பேசுவார்? எங்கள் யாருக்கும் தெரியாது.

மன்னிப்புக் கடிதத்துக்கு ஒரே ஒரு விதிதான். அதில் 'ஆனால்' வரக் கூடாது. இந்தக் கடிதத்தில் பல இடத்தில் அந்தச் சொல் பேனா முனைவரை வந்தது. அம்மா தடுத்திருக்கலாம், அத்தையே சொல்ல வேண்டாம் என்றாள், ஊர் வழக்கம் அப்படி. எல்லாவற்றையும் எழுதப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நான் செய்தேன். என்னை மன்னித்துவிடு. எனக்கு நீ இப்போதே பதில் எழுத வேண்டியதில்லை. கோபம் ஆறும்வரை பேசாமல் இருந்தாலும் இருந்துகொள். அத்தைக்கு எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதே. அன்று போகும்போது நான் அடித்துக் கொடுத்த தாளை அவள் என் மேஜையில் வைத்துவிட்டாள். "இத நீங்களே வச்சுக்கங்க. அவன் லெட்டரு இன்னும் வரலைன்னே வச்சுக்கிறேன்" என்றாள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அன்று வெளியே போன அத்தை கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. மாமா இறந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் என்னிடம் வந்தார். "மச்சான், மாப்ளைக்கு ஒரு வாழ்த்து எழுதிக் கையில குடுக்கணும். நான் எழுதுறதெல்லாம் வெலாசந்தான். நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். நான் பத்திரிகை வைக்க விட்டுப்போனவர்களின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாளைக்கு வா மாப்ள" என்றேன். அவர் நாளைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தானே எழுதியிருக்கிறார். அத்தை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் 'இல்லறம் நல்லறமாக' என்று ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பேன்.

மஞ்சள் தடவிய தாளையும் துக்கக் கடிதத்தையும் ஒரே கவரில் வைக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். வைத்திருக்கிறேன். மார்க்கரில் எழுதியதால் பின்பக்கம் ஊறியிருக்கும், பார்த்துப் பிரி. தபாலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அதை இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன். மேடையில் மாமா சொல்லச் சொன்னதாக நான் சொன்னதை மறந்துவிடு. அவர் உன்னிடம் சொல்ல நினைத்தது இதுதான்:

'உ

மாப்ளைக்கு மாமா எழுதுவது. நீல சட்டை தைக்கக் குடுத்துருக்கேன். மேடையில நிக்கையில கூட்டத்துல எங்களத் தேடாத. முன் வரிசை, வலது கைப் பக்கம். நானும் அத்தையும் மொதல்ல வந்து ஒக்காந்துருவோம்.'